விடுபட்ட பொருட்கள்: அறை 214

பாசிக்குடாவில் கார்த்திகை மழை.
நாற்பத்தெட்டு அறையில் ஆறில்தான் வெளிச்சம்.
214இல் கட்டிலுக்கடியில் தும்புத்தடியை விட்டு இழுத்தேன்,
ஒரு கண்ணாடி வந்தது.

சுவரில் மாட்டக் கொளுக்கி இல்லை.
நிமிர்த்தி வைக்கக் கால் இல்லை.
நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு, குறுக்கே ஒன்று,
ஓரத்தில் குச்சி செருக இரண்டு துளை.
கூடவே உருண்டு வந்தது ஒரு வெள்ளைப் பந்து,
அம்மை கண்ட முகம்போலக் குழி குழியாய்.

கொப்பியில் எழுதினேன்:
கண்ணாடி ஒன்று. கோடு போட்டது. உடையவில்லை.
பந்து ஒன்று.
கண்டெடுத்தவர்: ப. புவிராணி.
தொண்ணூறு நாள் அலுமாரியில் கிடக்கும்,
யாரும் கேளாவிட்டால் கண்டெடுத்தவருக்கு.
அப்படி எனக்குச் சேர்ந்தவை இதுவரை
ஒற்றைச் செருப்பு, ஒரு தொப்பி,
போன் சார்ஜர் மூன்று.

முன்மேசை ஜெஸீர் பார்த்துவிட்டுச் சிரித்தான்.
"கோல்ஃப் ஆக்களுட சாமான் இது, நிலத்தில வைக்கிறது.
குனிஞ்சு பார்த்தா உங்கட கண்
அந்தக் கோட்டில விழவேணும், புவியக்கா.
விழுந்தா பந்து நேரே போகும்."
"விழாட்டி?"
"எங்கேயோ போகும்.
நீங்க மட்டையைக் குறை சொல்லுவீங்க."

ஒன்பது வருசமாகக் கண்ணாடி துடைக்கிறேன்.
அதில் தேடுவது கறையை.
முகம் குறுக்கே வந்தால்
தலையைச் சரித்துக்கொள்வேன்.

இரவு ஷிப்ட், இரண்டாம் மாடி நடைவழி.
மட்டைக்கு, துணி கழற்றிய மொப் தடி.
குழிக்கு, குளியலறைக் கிளாஸ், படுக்கவைத்தது.
குனிந்தேன்.
முதலில் கூரை லைட், மறுகா நான்.
இடது கண் கோட்டுக்கு வெளியே நின்றது.
அதை உள்ளே கொண்டுவர
இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கவேணும்,
முழங்காலை இளக்கவேணும்,
தாடை இறுகக் கூடாது.
விரிப்பின் நாலு மூலையையும்
இழுத்து இழுத்துச் செருகிய உடம்புக்கு
இழுக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.

முதல் அடி 209இன் கதவைத் தட்டியது.
உள்ளே ஆளில்லை.
பழக்கதோசத்தில் "ஹவுஸ்கீப்பிங்" என்றேன்.

பிறகு இரவுக்கு இருபது.
மூன்று மணிக்கு, ஜெனரேட்டர் ஓய்ந்து
கடல் மட்டும் இரையும் நேரத்தில்
பந்து தரையோட்டின் இடுக்குகளைத் தாண்டிப் போகும்:
டிக்,
டிக்,
டிக்.
ஒரே சீராய்க் கேட்டால் பார்க்கத் தேவையில்லை,
கிளாசுக்குள் கிணுங்கென்று விழும்.
கோணலாய்ப் போனால்
நாலாவது ஓட்டிலேயே காதுக்குத் தெரிந்துவிடும்.
அப்போதும் ஓடிப்போய் மறிக்க ஏலாது.
கையை விட்ட பந்து.

எண்பத்தேழாம் நாள் ஜெஸீர் ஒரு தாளோடு வந்தான்.
214இல் இருந்தவர் எழுதியிருக்கிறார்.
பெரிய விலை இல்லையாம்,
அது இல்லாமல் தன் கண் எங்கே நிற்குதென்று
தெரியவில்லையாம்.
அனுப்பும் கூலியைத் தானே தருவாராம்:
என் ஆறு நாள் சம்பளம்.

"இல்லையெண்டு போடவா அக்கா?
மூணு நாள்தானே கிடக்கு."

எனக்கும் அந்த எண்ணம் வந்தது, பொய் சொல்லேன்.
அவன் கீழே போய்ப் படியேறி வருமட்டும்
வைத்துக்கொண்டிருந்தேன்.
கொப்பியில் என் எழுத்து,
உடையவில்லை என்றும் எழுதிக் கிடந்தது.

கசிந்த தலையணை உறை இரண்டில் சுற்றினேன்.
ஓரத்தில் என் மொப் தடி பட்ட கீறல்,
நகக்கண் அளவு.
அதை எழுதவில்லை.
பந்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கும் மழை.
நடைவழியை ஒருமுறை துடைத்துவிட்டு,
ஓட்டு இடுக்கொன்று நேரே கிளாசுக்குப் போகுமிடத்தில்
பந்தை வைக்கிறேன்.
குனிந்தால் ஈரத்தில் லைட் தெரியுது,
அதற்கு முன்னால் மங்கலாய் ஒரு தலை.
தரை காய ஐந்து நிமிசம் எடுக்கும்.
அதற்குள் ஏழு தரம் அடிக்கலாம்.